மரியகொறற்றி காப்பாற்றப் போன ஊர்

கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னாலுள்ள தெருவில், பழைய கட்டடம் ஒன்றின் மாடியில், நான் கொப்பி பேனை விற்கும் கடை வைத்திருக்கிறேன். நடையின் மறுபக்கம் மரியகொறற்றியின் கடை. கடை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்தான். ஒரு கண்ணாடி மேசை, ஒரு கதிரை, கழுத்தை வளைத்துத் திருப்பக்கூடிய ஒரு விளக்கு, சுவர் நிறையப் பழைய வீடியோ கேம் மெஷின்கள். வருஷக் கணக்கில் எதிரெதிரே உட்கார்ந்து பால் விடாத பிளேன்ரீ குடித்தவர்கள் நாங்கள். அதனால்தான் அவருக்கு நடந்ததை நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

கொறற்றியின் அப்பா ஹந்தானையில் தோட்டத்துக் கிளார்க்காக இருந்தவர். பள்ளிக்கூடம் முடிந்ததும் கொறற்றி கட்டுநாயக்கப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்து, மயிர் மாதிரியான கம்பிகளுக்கு ஈயம் பற்றவைப்பது வேலை. அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தபோது அதை விட்டுவிட்டு வந்து, அவர் கண்மூடும் மட்டும் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, ஊட்டிப் பார்த்தார். அதற்குள் கல்யாணம் பேசி வந்தவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். அதைப் பற்றி அவர் வருத்தமாக எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை. அம்பிட்டியவில் அப்பா கட்டிய சின்ன வீட்டில் தனியே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை, மற்ற நாட்களில் கடை.

கடை உண்மையில் தம்பி கிஷானுடையது. பள்ளிக்கூடப் பையன்கள் வந்து மணிக்கணக்குக்கு விளையாடிவிட்டுப் போகும் இடமாக அதை அவர் திறந்தார். பிறகு கிஷான் இத்தாலிக்குப் போனார். பையன்கள் கையில் போன் வந்தது. ஒருவரும் மாடி ஏறவில்லை. கொறற்றி டிவிகளை விற்றுவிட்டு மெஷின்களை வைத்துக்கொண்டார். பழைய மெஷின்களைத் திருத்த ஆளில்லை என்று எப்படியோ தெரிந்துகொண்டு, கொழும்பிலிருந்தும் குருநாகலிலிருந்தும் சிலர் பார்சலில் அனுப்பத் தொடங்கினார்கள்.

அவரிடம் வந்த வேலைகளில் பாதி, பற்றரி மாற்றுவது. அந்தக் காலத்து மெஷின்கள் சிலவற்றிலும், அவற்றில் செருகும் கசெற்றுகள் சிலவற்றிலும் காசு அளவில் ஒரு தட்டைப் பற்றரி இருக்கும். விளையாடுகிறவர் எந்த இடத்தில் நிறுத்தினார், என்ன சேர்த்துவைத்தார் என்பதையெல்லாம் மெஷின் மறக்காமல் வைத்திருப்பது அந்தப் பற்றரியின் தயவில்தான். கரண்ட் இருக்கும்வரை கரண்ட் பார்த்துக்கொள்ளும். கரண்ட் இல்லாத நேரம் பற்றரி பார்த்துக்கொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில் இல்லாமல் போனால், உள்ளே இருப்பது கொஞ்ச நேரத்தில் அழிந்துவிடும். அழிந்தால் அழிந்ததுதான். அதனால் பழைய பற்றரியைக் கழற்றும்போது வேறொரு வழியால் மின்சாரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கொறற்றி அந்த வேலையைத் தொடங்குமுன் கதவைச் சாத்திவிடுவார். யாராவது பேச்சுக் கொடுத்தால் கையை மட்டும் உயர்த்திக் காட்டுவார்.

நாட்டில் சாமான் ஒன்றும் கிடைக்காத அந்த வருஷம்தான் இது நடந்தது. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, பகலில் பல மணிநேரம் மின்வெட்டு. ஒரு காலையில் வயதான ஓர் அம்மா மாடிப்படி ஏறி வந்து, என் கடை வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்று, கேம் மெஷின் திருத்தும் மிஸ் எங்கே என்று கேட்டார். எதிர்ப்பக்கம் கையைக் காட்டினேன். அவர் பெயர் அங்கம்மா. மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்து, பஸ் கிடைக்காமல் பாதி வழி லொறியில் ஏறி வந்திருந்தார்.

கொறற்றி அவரைக் கதிரையில் உட்கார வைத்துவிட்டு மெஷின் எங்கே என்று கேட்டார்.

"மெஷினக் கொண்டாரலங்க மிஸ். கொண்டார ஏலாது," என்றார் அங்கம்மா. "நீங்கதான் அங்க வரணும்."

பிறகு கதையைச் சொன்னார். அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் லெட்சுமணன். பத்தொன்பது வயதில், தேயிலைக்கு நிழலுக்கு நிற்கும் சவுக்கு மரத்தில் கிளை வெட்ட ஏறி, விழுந்து, முதுகெலும்பு உடைந்தது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வலக்கை வேலை செய்யும். இடக்கையில் இரண்டு விரல் மட்டும். அந்தச் சமயம் அங்கம்மா குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தார். அந்த வீட்டுப் பிள்ளைகள் புது மெஷின் வாங்கிக்கொண்டு பழையதைக் குப்பைக்குப் போடப் பார்த்தபோது, கேட்டு வாங்கி, பெட்டிக்குள் துணி சுற்றி ஊருக்குக் கொண்டுவந்தார். படுத்துக் கிடக்கிறவனுக்குப் பொழுது போகட்டும் என்றுதான். அதனோடு வந்த சிடி தட்டுகளில் ஒன்று, ஊர் கட்டும் விளையாட்டு. வெறும் நிலத்தைக் கொடுத்து, ரோடு போடு, தண்ணீர் கொடு, வீடு கட்ட இடம் ஒதுக்கு என்று விட்டுவிடும் விளையாட்டு. லெட்சுமணன் அதைத் தவிர வேறொன்றையும் தொடவில்லை. இத்தனை வருஷமாக ஒரே ஊரைக் கட்டிக்கொண்டிருந்தார்.

மெஷினை அவர் அணைப்பதேயில்லை. அதனால் பற்றரிக்கு அவ்வளவு வேலை இருக்கவில்லை. முன்பு மாற்ற வேண்டி வந்தபோதெல்லாம் இளையவர் யோகராஜ், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்பக்க மூடியைத் திறந்து மாற்றிவிடுவார். யோகராஜ் இப்போது கட்டாரில். மின்வெட்டு தொடங்கியதிலிருந்து பற்றரி தினமும் மணிக்கணக்கில் தனியே தாங்க வேண்டியதாயிற்று. போன கிழமை கரண்ட் திரும்ப வந்தபோது, மெஷின் புதிதாக வாங்கியதைப்போல இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டிருக்கிறது. ஊர் அழியவில்லை. ஆனால் லெட்சுமணனுக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பிள்ளை போனில் எடுத்துக் கொடுத்த படத்தை அங்கம்மா காட்டினார். பற்றரியைச் சுற்றிப் பச்சையாகத் துரு. அதைப் பிடித்திருக்கும் தகடு பாதி அரித்துப்போயிருந்தது. பற்றரியை வெறுமனே மாற்றினால் போதாது, தகட்டைச் சுரண்டி எடுத்துக் கம்பி வைத்து ஈயம் போட வேண்டும் என்று கொறற்றிக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. பஸ்ஸில் கொண்டுவந்தால் ஒரு குலுக்கலில் பற்றரி விலகிவிடும். அங்கம்மா சொன்னது சரிதான். ஆள்தான் போக வேண்டும்.

கொறற்றி எங்கும் போய் வேலை செய்கிறவர் இல்லை. அன்றைக்கு ஏன் ஒத்துக்கொண்டார் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். அந்த அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே கைவிரல்களை ஒவ்வொன்றாக அமத்திக்கொண்டிருந்தாராம். படுக்கையில் கிடக்கிற ஆளைத் தூக்கிப் புரட்டுகிறவர்களுக்கு அந்த இடத்தில்தான் வலிக்கும் என்றார் கொறற்றி.

ஆயத்தம் செய்யவே நாலைந்து நாள் பிடித்தது. அந்த அளவுப் பற்றரி கடைகளில் இல்லை; வெளிநாட்டிலிருந்து எதுவும் வராத காலம். மணிக்கூடு திருத்தும் ஹபீல் தனக்கென்று வைத்திருந்ததில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கரண்ட் போனால் சற்று நேரம் தாங்கக்கூடிய யூபிஎஸ் பெட்டி ஒன்று கொறற்றியிடம் இருந்தது, ஆனால் அதன் உள்பற்றரி செத்திருந்தது. அதற்கு மாற்று தேடி கண்டி முழுக்க அலைந்தார். நானும் எனக்குத் தெரிந்த இரண்டு இடங்களில் கேட்டுப் பார்த்தேன். கிடைக்கவில்லை. கடைசியில் டோர்ச் பற்றரி இரண்டைச் சேர்த்துக் கம்பி இழுத்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். தகட்டைச் சுரண்டிச் சுத்தமாக்கிய கையோடு அந்தக் கம்பியைத் தொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு கரண்ட் போனாலும் பயமில்லை. சுரண்டுகிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான் கரண்டை நம்பியிருக்க வேண்டும். மின்வெட்டு அட்டவணையில் அந்தப் பகுதிக்கு எந்த நேரம் என்று பார்த்தார். செவ்வாய்க்கிழமை பகல் ஒன்றரை வரைக்கும் கரண்ட் இருக்கும் என்று போட்டிருந்தது.

செவ்வாய் விடியவே வத்தேகம பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து பன்வில, பன்விலயில் நீண்ட நேரம் நின்று இன்னொரு பஸ். தோட்டத்துச் சந்தியில் இறங்கி, தேயிலைக்கு நடுவே ஏறி நடந்தபோது பத்து மணி தாண்டிவிட்டது.

லயம் என்கிற வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா. கட்டிலில் லெட்சுமணன், நாற்பது தாண்டியவர், முகம் மழித்து, சட்டை போட்டு, இரண்டு தலையணைக்கு மேலே சாய்ந்து இவருக்காகவே தயாராக இருந்தார். தலையணை வைத்திருந்த விதத்தைப் பார்த்தே அங்கம்மா எவ்வளவு கவனமாகப் பார்க்கிறவர் என்று கொறற்றிக்கு விளங்கியது. கால்மாட்டில் ஒரு பழைய டிவி. அதில் அந்த ஊர்.

கொறற்றி அதற்கு முன் எத்தனையோ பேருடைய விளையாட்டுகளைத் திரையில் பார்த்திருக்கிறார். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார். உயரத்திலிருந்து சரிவாகப் பார்க்கிற மாதிரி ஒரு மலை. அதைச் சுற்றி வளைந்து வளைந்து ஏறும் ரோடு. ரோட்டின் இரண்டு பக்கமும் குட்டிக் குட்டி வீடுகள், ஒவ்வொன்றுக்கும் சுற்றிவரப் பச்சை நிலம். அந்த விளையாட்டில் வீடு தானாக முளைக்கும். கொஞ்ச காலம் விட்டால் மாடிக் கட்டடமாக மாறும். மாடி முளைத்தால் லெட்சுமணன் இடித்துவிடுவாராம். அவருக்கு வேண்டியது தனி வீடு. வீட்டு முன்னால் பெயர்ப்பலகை நடலாம், ஆங்கில எழுத்தில். அந்தத் தோட்டத்து லயங்களில் இருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர் ஒரு வீடு கொடுத்துப் பெயர் நட்டிருந்தார். கொழும்புக்குப் போனவர்களுக்கும் இருந்தது. செத்துப்போனவர்களுக்கும் இருந்தது.

வேலை முடிந்து வருகிறவர்கள் வாசலில் நின்று, என் வீட்டைக் காட்டு தம்பி என்று கேட்பார்களாம். அவர் தேடிக் காட்டுவார். யாராவது, ஓடைக்குப் பக்கத்தில் வேண்டாம், கோயிலுக்குப் பக்கத்தில் போடு என்பார்கள். இடித்து மாற்றிக் கொடுப்பார். வெளியே, லயத்துக்குக் கீழே, நிஜமாகவே வீடு கட்டித் தருவதாகச் சொல்லி யாரோ எப்போதோ போட்டுவிட்டுப் போன அத்திவாரங்களில் புல் மண்டிக் கிடந்தது. கொறற்றி வரும் வழியில் அவற்றைத் தாண்டித்தான் வந்திருந்தார்.

லெட்சுமணன் தன்னுடைய வீட்டையும் காட்டினார். அது மலை உச்சியில் இல்லை. ரோடு தொடங்கும் இடத்தில், சமதரையில் இருந்தது. ஏன் இங்கே என்று கொறற்றி கேட்டதற்கு, "தள்ளுவண்டில போறதுன்னா மேடு ஏற ஏலாதுங்களே அக்கா," என்றார்.

தேநீர் குடித்துவிட்டு வேலையைத் தொடங்கினார். ஊரை மெஷினின் மெமரியில் பதிந்துவைக்கச் சொன்னார். லெட்சுமணன் பதிந்தார். ஒருமுறைக்கு இரண்டு முறை சரிபார்த்தார்கள். அங்கம்மாவின் போனில் அட்டவணையை இன்னொரு தடவை பார்த்தார்கள். மாற்றமில்லை. கொறற்றி ஒரு விநாடி கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டு, பின்மூடியைத் திறந்து, துருவோடு ஒட்டியிருந்த பழைய பற்றரியை நெம்பி எடுத்தார். திரையில் ஊர் அப்படியே இருந்தது. குட்டிக் கார்கள் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தன. சின்னக் கத்தியால் தகட்டைச் சுரண்ட ஆரம்பித்தார். துரு நினைத்ததைவிட ஆழமாக இருந்தது. ஒரு பக்கம் வெள்ளையாகத் தெரியத் தொடங்கியது. மறுபக்கம் இன்னும் கொஞ்சம்.

டிவி அணைந்தது.

ஒரு சத்தமும் இல்லை. மெஷினுக்குள் சுழன்றுகொண்டிருந்த தட்டு மெல்ல மெல்ல நின்றது மட்டும் கேட்டது. கொறற்றி புதுப் பற்றரியை எடுத்துத் தகட்டின்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். டோர்ச் பற்றரிக் கம்பியைத் தொடுக்க இன்னொரு கை வேண்டும். விரலை எடுத்தால் தொடுப்பு விடும். அழுத்திய இடத்தில் உலோகம் உலோகத்தைத் தொடுகிறதா, துருவைத் தொடுகிறதா என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. கரண்ட் வந்தால்தான் தெரியும்.

அங்கம்மா வெளியே போய் அடுத்த லயத்தைப் பார்த்துவிட்டு, எல்லா இடமும் போயிருக்கு என்று வந்து சொன்னார். கொறற்றி தரையில் முழந்தாளிட்டு, மெஷினின் முதுகில் விரலை வைத்தபடி இருந்தார். விரல் மரத்துப்போனது. லெட்சுமணன் அந்த விரலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். எழுந்து வரவோ ஒரு கை கொடுக்கவோ அவரால் முடியாது. அந்தப் பார்வையைத்தான் தன்னால் மறக்க முடியவில்லை என்று கொறற்றி என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன் என்பார்.

பத்துப் பதினைந்து நிமிஷத்தில் கரண்ட் வந்துவிட்டது. ஏன் போனது, ஏன் வந்தது என்று இன்றுவரைக்கும் ஒருவருக்கும் தெரியாது. அட்டவணையில் போட்டிருந்த மின்வெட்டு, சொன்னபடி ஒன்றரைக்கு வேறாக வந்தது.

டிவியில் மெஷின் முதலில் எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. பிறகு தேதி கேட்டது. லெட்சுமணன் வலக்கையால் ஒவ்வொன்றாக அமத்தி மெமரியைத் திறந்தார். ஒன்றுமில்லை. வெறும் கட்டங்கள்.

"எல்லாமே போயிருச்சாக்கா, இல்ல கொஞ்சமாச்சும் இருக்குமா?" என்று கேட்டார்.

"ஒன்னும் இல்ல தம்பி."

அவர் கொன்ட்ரோலரைப் போர்வைமேல் வைத்தார். அங்கம்மாவுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனார். லெட்சுமணன் கொறற்றியிடம், நீங்க சாப்பிட்டுட்டுப் போங்க, அம்மா உங்களுக்குன்னு கோழி ஆக்கியிருக்கு என்றார்.

கொறற்றி வேலையை முடிக்காமல் வரவில்லை. காக்க இனி ஒன்றுமில்லை என்று தெரிந்தும், துருவை முழுதாகச் சுரண்டி, கம்பி வைத்து ஈயம் போட்டு, புதுப் பற்றரியைப் பொருத்தி மூடினார். அது இன்னும் பல வருஷம் நிற்கும் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார். கோழிக்கறியைச் சாப்பிட்டார். சாப்பிடாமல் எழும்ப முடியவில்லை என்றார்.

அடுத்த நாள் கடை திறந்ததிலிருந்து போனிலேயே இருந்தார். இத்தாலியில் கிஷானைக் கேட்டார். கொழும்பில் இந்த மெஷின்களைச் சேர்க்கும் ஒருவரைக் கேட்டார். அவர் இன்னொருவரின் இலக்கம் கொடுத்தார். எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். அழிந்ததை எடுக்க முடியாது. கட்டியதைத் தனியே வைத்துக்கொள்ளும் மெமரிக் கசெற் ஒன்று உண்டு, முன்பே அதில் ஒரு பிரதி எடுத்திருந்தால் தப்பியிருக்கும் என்று அந்தக் கொழும்புக்காரர் சொன்னார். அது இலங்கையில் எங்காவது கிடைக்குமா என்று கேட்டார் கொறற்றி. இப்போது எதுவும் வருவதில்லையே என்றார் அவர்.

நான் என்னால் ஆன ஆறுதலைச் சொன்னேன். நீ என்ன செய்வாய், கரண்டை நீயா பிடித்துவைத்திருக்கிறாய் என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு, இரண்டு கிழமை பொறுத்திருந்தால் யூபிஎஸ் பற்றரி கிடைத்திருக்குமோ என்றார். அந்த இரண்டு கிழமைக்குள் பழைய பற்றரி செத்து எப்படியும் ஊர் போயிருக்கும் என்றேன். போயிருக்கும்தான், ஆனால் என் கையில் போயிருக்காது என்றார்.

கிழமைக்கு ஒருமுறை அங்கம்மாவுக்குப் போன் எடுப்பார். மகன் மெஷினைத் தொடுவதில்லை என்று அங்கம்மா சொன்னார். வாசலில் வந்து வீட்டைக் காட்டச் சொல்கிறவர்களிடம், கரண்ட் இல்லை, கரண்ட் வரட்டும் என்கிறாராம். அந்த நாளில் அது எல்லாரும் நம்பக்கூடிய பதில். அவர்களும் போய்விடுவார்கள். கரண்ட் இருக்கிற நேரம் யாராவது வந்தால், தூங்குவதைப்போலக் கண்ணை மூடிக்கொள்வாராம்.

மின்வெட்டு நின்ற பிறகு அந்தப் பதிலும் இல்லாமல் போனது. மேல் லயத்து மருதாயி என்பவர், புருஷன் இறந்து திவசம் முடிந்த கையோடு, அவர் பெயரில் இருந்த வீட்டை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று வந்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு லெட்சுமணன் சொல்லிவிட்டார். ஊர் அழிஞ்சு போச்சு, அத்தை. மருதாயி கொஞ்ச நேரம் இருட்டாகக் கிடந்த டிவியைப் பார்த்தார். "அதுவும் போச்சா," என்று கேட்டுவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்து நிறுக்கப் போய்விட்டார். செய்தி லயம் முழுக்கப் போனது. அதற்குப் பிறகு வாசலில் வந்து நிற்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டைப் பார்க்க வந்தவர்கள்தான். ஆனால் வந்த சாக்கில் அவரோடும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சும் நின்றுபோனது.

சாமான்கள் திரும்ப வரத் தொடங்கியதும், கொறற்றி அந்த மெமரிக் கசெற் ஒன்றை எப்படியோ வரவழைத்தார். அதை எடுத்துக்கொண்டு மடுல்கெல்லைக்குப் போனார். இனிக் கட்டினால் அழியாது என்று லெட்சுமணனுக்கு விளக்கினார். எப்படிச் செருகுவது, எப்படிப் பிரதி எடுப்பது என்று செய்து காட்டினார். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். புது நிலம் ஒன்றைத் திறந்து ஒரு ரோடும் போட்டுப் பார்த்தார். ரோடு மலையின் பாதிக்கு வந்ததும் நிறுத்தினார்.

"கட்டலாங்கக்கா. கட்ட ஏலாதுன்னு இல்ல," என்றார். "ஆனா யார எங்க வச்சேன்னு எனக்கே இப்ப மறந்துபோச்சு. ஆளுங்களக் கேட்டா, நீ எங்க வேணும்னாலும் வையின்றாங்க. அப்புடி வச்சா அது வேற ஊரு."

கொறற்றி அவரை வற்புறுத்தவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை போனார். ஒரு தடவை சின்ன ரேடியோ ஒன்று கொண்டுபோனார். ஒரு தடவை, படுத்தே கிடந்ததில் லெட்சுமணனுக்கு வந்திருந்த முதுகுப் புண்ணுக்கு ஒரு மருந்து. கொறற்றியின் அப்பாவுக்குப் பூசி ஆறிய மருந்து அது. லெட்சுமணன் எல்லாவற்றையும் மரியாதையாக வாங்கிக்கொண்டார். அவர் கொறற்றியை ஒருநாளும் குறை சொன்னதில்லை. முதலில் அது கொறற்றிக்கு ஆறுதலாக இருந்தது. போகப் போக அதுவே பாரமாகிவிட்டது. குறை சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம், அல்லது மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். அவர் அதற்கு இடமே வைக்கவில்லை.

போன வருஷம் முதுகுப் புண் உள்ளே போய்க் காய்ச்சல் கண்டது. கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். கொறற்றி தினமும் கடையைப் பூட்டிவிட்டு மாலையில் போய்ப் பார்த்தார். ஒருநாள் நானும் போனேன். லெட்சுமணன் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். விழுந்த வருஷம் இதே ஆஸ்பத்திரியில் இருந்தாராம். அதற்குப் பிறகு கண்டிக்கு வந்ததில்லை. யன்னலுக்கு வெளியே தெரிகிற கூரைகளைக் காட்டி, இது எந்தப் பக்கம், குளம் எந்தப் பக்கம் இருக்கு, இந்த ரோடு எங்கே போய்ச் சேரும் என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் தெரிந்தமட்டும் சொன்னேன். சில தெருக்கள் எங்கே போய் முட்டும் என்று இத்தனை வருஷம் இங்கேயே இருந்த எனக்கே சரியாகத் தெரியவில்லை. அவருக்கு அதில் ஏமாற்றம்தான். டொக்டர்மார் செய்யக்கூடியதைச் செய்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டார்.

தோட்டத்து மயானத்தில் புதைத்தார்கள். கட்டாரிலிருந்து யோகராஜால் வர முடியவில்லை. கொறற்றி போய்வந்தார்.

முப்பதாம் நாள் சடங்கு கழிந்து கொஞ்ச நாளில் அங்கம்மா மறுபடியும் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். இந்தத் தடவை யாரையும் விசாரிக்கவில்லை. நேரே கொறற்றியின் கடைக்குப் போனார். கையில் ஒரு சீலைப் பை. அதற்குள் மெஷின், கொன்ட்ரோலர், அந்த மெமரிக் கசெற் எல்லாம் ஒரு துவாயில் சுற்றியிருந்தது. அதைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். நான் பிளேன்ரீ வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன்.

கொறற்றி நினைத்தது, அவர் அதை விற்கவோ கொடுத்துவிடவோ வந்திருக்கிறார் என்று. அதற்கு என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டார். அங்கம்மா கேட்டது வேறு.

"மிஸ், அப்ப சாமான் ஒன்னும் இல்லாம இருந்துச்சு. இப்ப எல்லாம் வந்துருச்சுதானே," என்றார். "இப்பவாச்சும் அவன் கட்டின ஊர எடுத்துக் குடுக்க ஏலுமா? எனக்கு வெளாடத் தெரியாது. சும்மா போட்டுப் பாக்கத்தான்."

கொறற்றி என்னைப் பார்த்தார். நான் கோப்பையைப் பார்த்தேன். அந்த அம்மா இவ்வளவு காலமும் அதை நம்பிக்கொண்டிருந்தார் என்பது எங்கள் இருவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. பற்றரி, கரண்ட், மெமரி என்று எத்தனை தடவை சொல்லியிருந்தாலும், அவர் மனதில் அது எங்கோ உள்ளே பூட்டிக் கிடக்கிற பொருளாகத்தான் இருந்திருக்கிறது. நல்ல சாவி கிடைத்தால் திறந்துவிடலாம் என்ற மாதிரி.

"ஏலாதும்மா," என்றார் கொறற்றி. "அது இதுக்குள்ள இல்ல. எங்கயும் இல்ல."

இதே பதிலை இரண்டாம் தடவை சொல்கிறார். முதல் தடவையைவிட இது கஷ்டமாக இருந்தது என்று பிறகு சொன்னார். அங்கம்மா அழவில்லை. மெஷினைத் துவாயால் மறுபடி சுற்றினார். சுற்றும்போது பின்பக்க மூடி விரலில் பட்டது. அதைச் சரியாக அமத்தி மூடிவிட்டு, பைக்குள் வைத்தார். இங்கேயே வைத்துவிட்டுப் போங்களேன், சுமந்துகொண்டு ஏன் போகிறீர்கள் என்று நான் கேட்டேன். இருக்கட்டும் ஐயா, அவன் கால்மாட்டுல இருந்த சாமான், அங்கயே இருக்கட்டும் என்றார்.

கொறற்றி கடையைப் பூட்டிக்கொண்டு, பையை ஒரு பக்கம் தான் பிடித்து, அவரை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனார். வத்தேகம பஸ் அப்போதுதான் புறப்பட்டிருந்தது. அடுத்ததுக்கு நேரமாகும் என்று கண்டக்டர் ஒருவர் சொன்னார். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைக்குக் கீழே இரண்டு பேரும் நின்றார்கள். அங்கம்மா, அம்பிட்டியவில் மழை எப்படி என்று கேட்டார். இரண்டு நாளாக விடாமல் பெய்கிறது என்றார் கொறற்றி. அங்கேயும் அப்படித்தான் என்றார் அங்கம்மா. பஸ் வந்ததும் அவரை யன்னல் பக்கம் உட்கார வைத்து, பையை மடியில் வைத்துவிட்டு, கொறற்றி இறங்கி, நனைந்துகொண்டே கடைக்குத் திரும்பி வந்தார்.